தேங்காய் எண்ணெய் பாட்டில்: அடியில் கசிவு, மார்கழியில் ஒடுங்கல். எடையைக் கூட்டினால் தீருமா?

வேலந்தாவளம்_செக்கு

வணக்கம். வேலந்தாவளத்தில் செக்கு நடத்துகிறோம். கொப்பரை பாதி பக்கத்துத் தோப்புகளில் இருந்தும் பாதி காங்கயத்தில் இருந்தும் வருகிறது. எண்ணெய் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் கடைகளுக்கும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வரைக்கும் போகிறது. ஒரு லிட்டர், நீல நிற எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பாட்டில், சதுர வடிவம். கஞ்சிக்கோட்டில் ஒரு யூனிட்டில் வாங்குகிறோம். மோல்டு (பாட்டிலை ஊதி எடுக்கிற அச்சு) அவர்களுடையது. இதே பாட்டிலை வேறு சிலரும் வாங்குகிறார்கள்.

இரண்டு தொல்லை இருக்கிறது. ஒன்று கசிவு. அடைக்கிற அன்றைக்கு எதுவும் தெரியாது. கடைக்குப் போய் மூன்று நான்கு வாரம் கழித்து அட்டைப்பெட்டியின் அடி நனைந்திருக்கும். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் நடுவே போகிற கோட்டில் மெல்லிய விரிசல்.

இன்னொன்று பனிக்காலத் தொல்லை. மார்கழியில் எண்ணெய் உறையும்போது பாட்டிலின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கிக்கொள்கின்றன. லேபிள் மடிகிறது. எண்ணெய் குறைவாக இருக்கிறதோ என்று வாங்குகிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள், கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார்.

சப்ளையரிடம் சொன்னால், இப்போது 46 கிராம் இருக்கிற பாட்டிலை 52 கிராம் ஆக்கித் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கிராமுக்குக் கிராம் காசு. எடை கூட்டினால் நிஜமாகவே தீருமா? அல்லது பெட் (தண்ணீர் பாட்டில் செய்கிற தெளிவான பிளாஸ்டிக்) பாட்டிலுக்கு மாறிவிடலாமா? வீட்டில், நாமே ஒரு மெஷின் போட்டுவிடலாம் என்றும் பேச்சு ஓடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட்

எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு பாட்டிலை அறுத்துப் பாருங்க. கசிந்த பாட்டில் ஒன்று, கசியாத பாட்டில் ஒன்று. அடிக்கோட்டுக்குக் குறுக்கே கூர்மையான கத்தியால் வெட்டி, வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பாருங்க. பிறகு நான்கு பக்கத்தின் நடுவிலும், அடி மூலைகளிலும் மைக்ரோமீட்டர் வைத்துத் தடிமன் எடுத்து இங்கே போடுங்க. எடை மெஷின் சொல்லாத விஷயத்தை அது சொல்லும்.

கணபதி_மோல்டு

ஷிஃப்ட் தம்பி சொல்வதுதான் சரியான தொடக்கம். கோவை கணபதியில் மோல்டு வெட்டுகிற வேலை எனக்கு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எடை என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பாட்டில் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

உங்கள் பாட்டில் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். 180 முதல் 220 டிகிரி வரையில் உருகின எச்டிபிஇ, டை என்கிற வளைய வாய் வழியாக ஒரு குழாயாகக் கீழே இறங்குகிறது. அதைத்தான் பாரிசன் என்கிறோம். மோல்டின் இரண்டு பாதியும் அதன் மேல் மூடிக்கொள்கின்றன. அடியில் குழாயை நசுக்கி ஒட்டுகின்றன. மேலே புளோ பின் என்கிற ஊதுகுழல் இறங்கி, 5 முதல் 8 பார் காற்றை ஊதுகிறது. குழாய் விரிந்து சுவரைத் தொட்டுக் குளிர்கிறது. அடியில் பிதுங்கி நிற்கிற ஃபிளாஷைக் கிள்ளி எடுத்தால் பாட்டில்.

இதில் இரண்டு இடம்தான் உயிர்நிலை. முதல் இடம் அந்த நசுக்கல். கொழுக்கட்டை ஓரத்தை அழுத்தி ஒட்டுவது போலத்தான் இதுவும்: இரண்டு படலமும் சூடாக இருந்து, போதுமான அழுத்தம் கிடைத்தால் ஒன்றாகும். நல்ல பாட்டிலை அடியில் குறுக்கே வெட்டினால் உள்பக்கம் கோட்டின் மேல் ஒரு சின்ன மேடு தெரியும். மோசமான பாட்டிலில் அந்த இடத்தில் பள்ளம், அதுவும் கூரான பள்ளம் இருக்கும். எண்ணெயின் பாரமும் மேலே அடுக்கின பெட்டிகளின் பாரமும் அந்தப் பள்ளத்தின் நுனியில் போய்க் குவிகிறது. அங்கேதான் விரிசல் மெதுவாக நடக்கத் தொடங்குகிறது. மூன்று வாரம் கழித்து வெளியே வருகிறதென்றால் எனக்கு அதுதான் முதல் சந்தேகம்.

பள்ளம் வருவதற்குக் காரணம் பல. நசுக்கும் விளிம்பு தேய்ந்து கத்தி மாதிரி கூராகிவிட்டால் ஒட்டுவதற்கு முன்னால் வெட்டிவிடும். ஃபிளாஷ் உட்காருகிற பள்ளம் அதிக ஆழமாக இருந்தால் பொருள் உள்ளே தள்ளப்படாமல் வெளியே ஓடிவிடும். ஆழம் போதாவிட்டால் மோல்டே முழுசாக மூடாது. மோல்டு கடைசி சில மில்லிமீட்டரில் வேகமாக மூடினாலும் இதே கதை. இவற்றில் எதையும் ஆறு கிராம் சரி செய்யாது.

இரண்டாவது இடம் மூலை. உங்கள் பாட்டில் பக்கத்துக்குப் பக்கம் 75 மி.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூலைக்கு மூலை 106 மி.மீ. பாரிசன் 38 மி.மீ. விட்டம் என்றால், தட்டையான பக்கத்துக்கு அது 2 மடங்கு விரிந்தால் போதும். மூலைக்கு 2.8 மடங்கு விரிய வேண்டும். மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவான எல்லை. தட்டைப் பக்கம் முதலில் சுவரைத் தொட்டு உறைந்துவிடும். மீதி இருக்கிற பொருளை வைத்துக்கொண்டு மூலை தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் சதுர பாட்டிலில் மூலை எப்போதும் மெலிந்து போகிறது, அடி மூலை இன்னும் மெலிகிறது.

கணக்கும் போடலாம். இந்த அளவு பாட்டிலின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 650 சதுர செ.மீ. 46 கிராமை அடர்த்தி 0.955-ஆல் வகுத்தால் 48 கன செ.மீ. சராசரித் தடிமன் 0.74 மி.மீ. நல்ல தடிமன்தான் அது. 52 கிராம் ஆக்கினால் சராசரி 0.84. ஆனால் சராசரி எந்தப் பாட்டிலும் கசிவதில்லை. மெலிந்த இடம்தான் கசிகிறது.

இன்னொரு செலவும் உண்டு. குளிர்கிற நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 0.74-ல் இருந்து 0.84 போனால் அந்த நேரம் 30 சதவீதத்துக்குப் பக்கமாகக் கூடும். சைக்கிள் டைமை, அதாவது ஒரு பாட்டில் எடுக்க ஆகிற நேரத்தை, விட்டுக்கொடுக்க மனமில்லாத ஆபரேட்டர் பாட்டிலைச் சூடாகவே வெளியே எடுப்பார். அது வெளியே வந்த பிறகு சுருங்கிக் கோணிக்கொள்ளும். அதாவது காசும் கூடும், பாட்டிலும் கெடும்.

புத்தூர்_பிரிஃபார்ம்

ஆந்திரப் பக்கம் புத்தூரில் பெட் பாட்டில் ஊதுகிறோம். தண்ணீர், சோடா, மாம்பழ ஜூஸ். அடியில் கசிவு என்ற பேச்சே எங்களிடம் இல்லை, காரணம் அங்கே ஒட்டே கிடையாது. பிரிஃபார்ம், அதாவது ஊதுவதற்கு முந்தின சிறு குழாய், இன்ஜெக்‌ஷனில் ஒரே துண்டாக வருகிறது. அதை 100 டிகிரிக்குப் பக்கமாகச் சூடாக்கி, ராடு நீளவாக்கில் இழுக்க, 25 முதல் 40 பார் காற்று அகலவாக்கில் விரிக்கிறது. இரண்டு திசையிலும் இழுபடுவதால் மெல்லிய சுவரே பலமாகிறது. டூபாண்டில் இருந்த நதானியேல் வையத் 1973-ல் காப்புரிமை வாங்கினது இந்த வழிக்குத்தான், சோடா அழுத்தத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் பாட்டிலுக்காக.

எடை கணிசமாகக் குறையும். ஃபிளாஷ் இல்லை, அரைத்துப் போடுகிற வேலை இல்லை. கண்ணாடி மாதிரி எண்ணெய் தெரியும். எச்டிபிஇ உள்ளே விடுகிற ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குகூட பெட் விடாது. பிரிஃபார்ம் செய்வது பெரிய வேலை, ஆனால் நீங்கள் அதை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கேவிட்டி மெஷினும் ஹை-பிரஷர் கம்ப்ரெசரும் போதும். நான் பெட்டைத்தான் சொல்வேன் அண்ணா.

வேலந்தாவளம்_செக்கு

அண்ணா இல்லைங்க, அக்கா. பரவாயில்லை.

பெட்டில் எண்ணெய் அழகாகத் தெரியும் என்பது எனக்கும் ஆசையான விஷயம்தான். ஒரு சந்தேகம். பனிக்காலத்தில் எங்கள் வாடிக்கையாளர்கள் பாட்டிலை வெந்நீரில் வைத்துத்தான் எண்ணெயை உருக்குகிறார்கள். அடுப்பில் இருந்து இறக்கின வெந்நீர். சிலர் வெயிலில் வைப்பார்கள். பெட் அதைத் தாங்குமா?

புத்தூர்_பிரிஃபார்ம்

சாரி அக்கா. நேர்மையாகச் சொன்னால் சாதாரண பெட் பாட்டில் அதைத் தாங்காது. 70 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். இழுத்து வைத்த பிளாஸ்டிக் என்பதால் சூடு பட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், சுருங்கிக் கோணும். மாம்பழ ஜூஸைச் சூடாக நிரப்புகிறோமே என்று கேட்கலாம். அந்தப் பாட்டில் வேறு. மோல்டையே நன்றாகச் சூடாக்கி, பாட்டிலை அதில் ஹீட்-செட் செய்கிறோம். அப்போதுதான் 85 டிகிரிக்கு மேல் நிரப்ப முடியும். எண்ணெய்க்காக அந்தச் செலவுக்குப் போவது நியாயம் இல்லை.

பாலக்காடு_லேப்

நான் உணவுப் பேக்கேஜிங் பரிசோதனையில் இருக்கிறேன். ஆக்சிஜனைப் பற்றிப் புத்தூர் தம்பி சொன்ன எண் சரி. ஆனால் அதைத் தேங்காய் எண்ணெய்க்கு வைத்துப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்துக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜன் அதை மெதுவாகத்தான் தாக்கும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ என்றால் பெட் பக்கம் சாய்வதற்குக் காரணம் உண்டு. தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை எடுப்பதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம், சரியாகக் காயாத கொப்பரை. ஈரத்தைத் தடுப்பதில் எச்டிபிஇ பெட்டைவிட மேல். அப்புறம், நீல நிறம் வெளிச்சத்தையும் கொஞ்சம் மறைக்கிறது. உங்கள் எண்ணெய்க்கு எச்டிபிஇ தவறான தேர்வு இல்லை அக்கா. அந்தப் பாட்டிலை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெருமாட்டி_தென்னை

சொந்த மெஷின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாட்டில் ஊதுவதற்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும்? எங்கள் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. கோகோ கோலா ஆலை 2000-ல் தொடங்கி 2004-ல் நின்றது, கிணறுகள் என்ன ஆயின என்பதை நாங்கள் மறக்கவில்லை. பாட்டில் என்ற பேச்சு வந்தாலே இங்கே முதல் கேள்வி தண்ணீர்தான். லைசென்ஸுக்குப் போனால் உங்களையும் கேட்பார்கள்.

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட்

நியாயமான கேள்வி. பாட்டில் ஊதுகிற யூனிட்டில் தண்ணீர் பாட்டிலுக்குள் போவதில்லை. மோல்டைக் குளிர்விக்கத்தான் ஓடுகிறது, சில்லரில் குளிர்ந்து திரும்பத் திரும்ப அதே தண்ணீர். மூடின சுற்று என்பதால் மோல்டு பக்கம் இழப்பு மிகக் குறைவு. கூலிங் டவர் வைத்தால் ஆவியாகிறது, அதற்கு அவ்வப்போது ஊற்ற வேண்டும். ஏர்-கூல்டு சில்லர் போட்டால் அதுவும் வேண்டாம், கரண்டு பில்தான் கூடும்.

ஆனால் சொந்த மெஷினுக்கு நான் வேறு காரணத்துக்காகத் தயங்குகிறேன். மெஷின் மட்டும் வாங்கி முடியாது. சில்லர், கம்ப்ரெசர், கிரைண்டர், மாஸ்டர்பேட்ச் (நிறமிக் குருணை) கலக்குகிற மிக்ஸர், ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். கரண்டு போய் ஹெட்டில் உருகின பொருள் நின்றால், திரும்ப ஓட்டும்போது கருகின துணுக்குகள் பாட்டிலில் வந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளித் தீர்க்கிற வரைக்கும் உற்பத்தி இல்லை. நீங்கள் மாதத்துக்கு வாங்குகிற அளவை ஒரு சாதாரண டபுள் ஸ்டேஷன் மெஷின் சில நாட்களில் ஊதி முடித்துவிடும். மீதி நாள் அது சும்மா நிற்கும், ஆபரேட்டருக்குச் சம்பளம் ஓடும்.

பாலக்காட்டுக் கணவாயின் தட்பவெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஆடி மாதம் வாளையார் பக்கம் அடிக்கிற காற்று ஷெட்டுக்குள் வந்தால் பாரிசன் ஒரு பக்கம் குளிர்ந்து வளையும். ஒரு சுவர் தடித்து எதிர்ச் சுவர் மெலிந்து வரும். ஷட்டர் மூடி, மெஷினைச் சுற்றி மறைப்பு போட்டுத்தான் ஓட்டுகிறோம். மழை தொடங்கினால் வேறு பிரச்சினை. 10 டிகிரித் தண்ணீர் ஓடுகிற மோல்டின் மேல் வியர்த்துவிடும், அந்த நீர்த்துளி பாட்டிலில் அம்மைத் தழும்பு மாதிரி பதியும். தண்ணீரின் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டினால் தழும்பு போகும், சைக்கிள் நீளும். இதெல்லாம் நாள் முழுதும் அதையே பார்க்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. உங்கள் கவனம் கொப்பரையில் இருக்கட்டும்.

பாலக்காடு_லேப்

மாஸ்டர்பேட்ச், கிரைண்டர் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். உங்கள் சப்ளையரிடம் கேட்க வேண்டிய காகிதங்கள் இவை. 2018-ஆம் ஆண்டு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பேக்கேஜிங் விதிகளின்படி, உணவைத் தொடுகிற பாலிஎத்திலீன் ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 10146-க்குப் பொருந்த வேண்டும், பெட் என்றால் ஐஎஸ் 12252. நிறமி ஐஎஸ் 9833 பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் இருந்து உணவுக்குள் இறங்குகிற மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராம் அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதிக்கிற முறை ஐஎஸ் 9845.

எண்ணெய்க்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். வெறும் தண்ணீரை வைத்துச் செய்த ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கொழுப்புள்ள உணவுக்கு என்-ஹெப்டேன் என்கிற கரைப்பானை வைத்துச் சோதித்திருக்க வேண்டும். தண்ணீர் இழுக்காத பொருளை அது இழுத்துக் காட்டும். நிறமியும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கக் கூடாது. சென்னை கிண்டியிலும் கொச்சியிலும் சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) இருக்கிறது, அங்கே பிளாஸ்டிக் சோதனைகள் செய்கிறார்கள்.

கிரைண்டரைப் பொறுத்தவரை, அதே மெஷினில் விழுந்த சுத்தமான ஃபிளாஷை அரைத்துக் கலப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது, அதில் தவறில்லை. சந்தையில் மூட்டையாக வருகிற மறுசுழற்சிக் குருணை வேறு விஷயம். 2018 விதிகள் அதை உணவுப் பாத்திரங்களுக்குத் தடுத்தன. 2022-ல் வந்த திருத்தம், எஃப்எஸ்எஸ்ஏஐ வகுக்கிற வழிகாட்டலுக்கு உட்பட்டால்தான் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் என்று வைத்தது. யாரோ கழுவி அரைத்த ஷாம்பு டப்பா உங்கள் எண்ணெயைத் தொடக் கூடாது. நீல நிறம் நிறைய மறைத்துவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன். காலி பாட்டிலை மூடி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பாட்டிலில் வாடை இருக்காது.

வேலந்தாவளம்_செக்கு

அறுத்துப் பார்த்தோம். கசிந்த பாட்டிலில் தட்டைப் பக்கத்தின் நடுவில் 0.9 மி.மீ., அடி மூலைகளில் 0.35, ஒரு மூலையில் அதைவிடவும் குறைவு. அடிக்கோட்டில் உள்பக்கம் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது, நகம் வைத்தால் சிக்குகிறது. கசியாத பாட்டிலிலும் பள்ளம் இருக்கிறது, கொஞ்சம் ஆழம் குறைவு. அப்படியானால் அதுவும் நாளைக்குக் கசியும்தானே?

வாடை சோதனையும் செய்தேன். வாடை இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

கணபதி_மோல்டு

கசிய வாய்ப்பு உண்டு அம்மா. மெட்டீரியலையும் விசாரியுங்கள். எச்டிபிஇயில் ஹோமோபாலிமர் என்கிற வகை விறைப்பாக இருக்கும், ஆனால் எண்ணெயோ சோப்போ உள்ளே இருந்து, ஓரிடத்தில் இழுவிசையும் இருந்தால் சீக்கிரம் விரியும். கோபாலிமர் விறைப்பில் கொஞ்சம் குறைவு, விரிசலை நன்றாகத் தாங்கும். பில்லில் கிரேடு பெயர் இருக்கும், அதன் டேட்டாஷீட்டில் இஎஸ்சிஆர் (விரிசலைத் தாங்கும் திறன்) என்று ஒரு வரி உண்டு. மணிக்கணக்கில் கொடுத்திருப்பார்கள், எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

இனி வடிவம். நான் வரைந்தால் சதுரத்தை விட்டுவிட மாட்டேன், பெட்டியில் அடுக்க அது வசதி என்று தெரியும். ஆனால் செங்குத்து மூலைகளுக்கு 18 மி.மீ. வளைவு கொடுப்பேன். அடி விளிம்புக்கும் தாராளமாக. மூலைக்கு மூலை தூரம் 106-ல் இருந்து 91 ஆகிவிடும், அப்போது விரிவு 2.8-ல் இருந்து 2.4. இது ஒன்றுக்கே மூலையில் தடிமன் ஏறும். வளைவில் கொள்ளளவு கொஞ்சம் போகும், பாட்டிலைச் சில மில்லிமீட்டர் உயர்த்திக்கொள்ளலாம். அப்புறம் டையின் வாயை மூலை வருகிற திசையில் லேசாகச் சுரண்டி, பாரிசனே அங்கே தடித்து வரும்படி செய்யலாம். சாதாரண மெஷினின் புரோகிராமரில் (பாரிசன் தடிமனை மாற்றுகிற கருவி) மேலிருந்து கீழாகத்தான் தடிமனை மாற்ற முடியும், அதில் சுற்றளவில் மாற்ற இப்படி டை ஷேப்பிங் செய்வதுதான் வழி. தட்டையில் 0.9 வீணாக இருக்கிறதே, அதில் இருந்து எடுத்து மூலைக்குக் கொடுத்தால் 46 கிராமே போதும். 44-க்குக்கூட வரலாம் என்று நினைக்கிறேன்.

கூர் மூலை வேண்டாம் என்பதற்குப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. 1980களில் பாரசூட் எண்ணெய் தகர டப்பாவில் இருந்து பிளாஸ்டிக்குக்கு மாறினபோது கடைக்காரர்கள் எலிக்குப் பயந்து எதிர்த்தார்கள். அதற்கு முன்னால் வந்த சதுர பாட்டில்களின் விளிம்பை எலி கடித்துவிட்டதாம். உருண்டை பாட்டிலில் பல் பிடிக்க இடம் இல்லை என்று எலிகளை வைத்தே சோதித்துக் காட்டினார்கள். பாரசூட்டை விற்கிற மாரிகோவின் நிறுவனர் ஹர்ஷ் மாரிவாலா இதைச் சொல்லியிருக்கிறார். கொப்பரைக் கிடங்கு வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும்.

அடியில் நடுப்பகுதி உள்வாங்கி இருக்க வேண்டும். அப்போது ஒட்டுக்கோடு தரையைத் தொடாது, பாட்டிலும் ஆடாது. உடம்பு முழுக்க அலுமினியத்தில் வெட்டினாலும், நசுக்கும் இடத்துக்கும் கழுத்துக்கும் பெரிலியம் காப்பர் இன்சர்ட் (செருகு துண்டு) போடச் சொல்லுங்கள். அங்கேதான் பிளாஸ்டிக் தடிமனாக நிற்கிறது, அங்கேதான் வேகமாகச் சூடு இறங்க வேண்டும். தேய்ந்தால் இன்சர்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

புத்தூர்_பிரிஃபார்ம்

ஒடுங்குகிற பிரச்சினைக்கு எங்கள் ஜூஸ் பாட்டிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். சூடாக நிரப்பி மூடின ஜூஸ் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். பாட்டில் எங்கேயாவது உள்ளே போயே தீரும். எங்கே போக வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்கிறோம். பக்கங்களில் சற்று உள்வாங்கின பேனல்கள் வைத்து, அந்த இடம் மட்டும் அசையும்படி விடுகிறோம். சுற்றியுள்ள விளிம்பு விறைப்பாக நிற்கும். லேபிள் பேனலுக்கு வெளியே இருந்தால் மடியாது. உங்கள் சதுர பாட்டிலில் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் அப்படிக் கொடுத்து, மற்ற இரண்டு பக்கத்தில் லேபிள் ஒட்டலாம்.

அதோடு எத்தனை டிகிரியில் நிரப்புகிறீர்கள்?

வேலந்தாவளம்_செக்கு

வடிகட்டின கையோடு நிரப்புகிறோம். 50 டிகிரி இருக்கும். அப்போதுதான் ஓட்டம் நன்றாக இருக்கிறது. மூடி போட்டு உடனே, வாயை ஃபாயிலால் ஒட்டுகிற இண்டக்‌ஷன் சீல்.

பாலக்காடு_லேப்

இதுதான் பாதிக் காரணம். எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.07 சதவீதம் அளவில் விரியும், சுருங்கும். 50-ல் நிரப்பினது 25-க்கு வந்தால் லிட்டருக்கு 17 மி.லி. காணாமல் போகிறது. 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும்போது அதற்கு மேலும் சுருங்கும். சீல் போட்டிருப்பதால் வெளியில் இருந்து காற்று வர வழியில்லை, சுவர்தான் உள்ளே வர வேண்டும். 32 டிகிரிக்கு ஆறவிட்டு நிரப்புங்கள். அதில் ஓட்டம் இன்னும் இருக்கும். உறைவதால் வருகிற சுருக்கத்தைத் தம்பி சொன்ன பேனல் பார்த்துக்கொள்ளும்.

வேலந்தாவளம்_செக்கு

அப்படியென்றால் மெஷின் வேண்டாம், மோல்டு மட்டும் நமதாக இருக்கட்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். கஞ்சிக்கோட்டில் கொடுத்து ஊதி வாங்கிக்கொள்கிறோம். இதில் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்? வாய் அகலத்தையும் கேட்க வேண்டும். உறைந்த எண்ணெயைக் கரண்டி விட்டு எடுக்கிற மாதிரி அகல வாய் வைக்கலாமா?

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட்

மோல்டின் மேல் உங்கள் பெயரைப் பொறித்துவிடுங்க. டையும் அதற்குள் நிற்கிற பின்னும் உங்கள் பாட்டிலுக்காகச் சுரண்டினதென்றால் அவையும் உங்களுடையவை என்று எழுதுங்க. வேறு யாருக்கும் இதில் ஊதக் கூடாது. எத்தனை லட்சம் ஷாட்டுக்கு (மோல்டு ஒரு தடவை மூடித் திறப்பது ஒரு ஷாட்) ஒரு முறை நசுக்கும் விளிம்பைப் பார்க்க வேண்டும், காற்று வெளியேறுகிற வெண்ட் துளைகளை யார் சுத்தம் செய்வது என்பதும் அதில் வர வேண்டும். ஃபிளாஷ் கலக்கிற விகிதத்தை நிலையாக வைக்கச் சொல்லுங்க. இன்றைக்கு 10 சதவீதம், நாளைக்கு 40 என்று போனால் பாரிசன் டையை விட்டு வந்ததும் உப்புகிற அளவே மாறி, தடிமன் கலைந்துவிடும்.

மோல்டு ஜாப் ஒர்க்குக்குப் போனால் இத்தனை வருஷத்தில் திரும்பி வர வேண்டும் என்ற ஜிஎஸ்டி கெடு மோல்டுக்கும் டைக்கும் கிடையாது. ஆனால் பழுது பார்க்கக் கோவை போய் வருகிறபோது வாளையார் தாண்டுகிறது, சலானும் இ-வே பில்லும் கூடவே இருக்கட்டும்.

பாட்டில் வாங்கும்போது எடையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீங்க. எடைக்குப் பக்கத்தில், அடி மூலையில் குறைந்தபட்சத் தடிமன் என்று ஒரு வரி சேருங்க. 0.5 மி.மீ. கேளுங்க. ஒவ்வொரு லாட்டிலும் சில பாட்டிலை அறுத்துப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி 1.2 மீட்டர் உயரத்தில் இருந்து அடி, பக்கம், மூலை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்க.

கணபதி_மோல்டு

அகல வாய் வைக்கலாம், ஆனால் ஒரு லிட்டரில் வேண்டாம். ஊற்றுகிறபோது சிந்தும். பனிக்காலத்துக்கு அரை லிட்டர் ஜாடி ஒன்று தனியாகச் செய்யுங்கள். லிட்டர் பாட்டிலுக்கு இப்போது உங்களிடம் இருக்கிற மூடி, சீல் மெஷின் அளவையே வைத்துக்கொள்வோம், கழுத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

கொள்ளளவு பற்றிக் கடைசியாக. விளிம்பு வரைக்கும் நிரப்பினால் 1,040 மி.லி. வருகிற மாதிரி வரைகிறேன். 32 டிகிரியில் 1,000 நிரப்பினால், சித்திரை வெயிலில் லாரிக்குள் 45 டிகிரி ஆனாலும் 9 மி.லி.தான் ஏறும், சீலைத் தள்ளாது. எச்டிபிஇ 1.5 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும், வெளியே வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சாம்பிள் பாட்டிலைச் சூட்டோடு அளக்காமல் 48 மணி நேரம் கழித்து அளந்து எனக்கு எண் அனுப்புங்கள். கொள்ளளவு கூடுதலாக வந்தால் மோல்டுக்குள் வைக்கிற இன்சர்ட்டால் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக வந்தால் உலோகத்தைக் கடைந்து எடுக்கலாம், ஆனால் கடைந்ததைத் திரும்ப வைக்க முடியாது. முதல் வெட்டில் கொஞ்சம் சிறியதாகவே விட்டு வைக்கிறேன். மூடியும் சீல் வாடும் (மூடிக்குள் இருக்கிற ஃபாயில் வட்டு) பத்துப் பத்து கொடுத்தனுப்புங்கள், கழுத்தை அதற்கு வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

வேலந்தாவளம்_செக்கு

மூடியும் வாடும் நாளைக் காலை வண்டியில் கோவை வருகிறது. ஒரு உறைந்த பாட்டிலையும் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன், எந்தப் பக்கம் எவ்வளவு ஒடுங்குகிறது என்று நீங்களே அளந்து பேனல் ஆழத்தை முடிவு செய்யுங்கள்.